காம்பெரிங் மாவட்டம் இருக்கும் வரை

"காம்பெரிங் மாவட்டம் இருக்குற வரைக்கும் என் பொண்ணுங்க ஒருத்தியும் மிட்டர்பர்க்குக்கு வாழப் போக மாட்டா!"

என் அப்பா குவிரின் ஸ்டாட்லர் இதைச் சொல்லிவிட்டு மேஜையில் ஒரு குத்து விட்டார். பீர்க் குவளைகள் துள்ளி அடங்கின. அவருக்குப் பெண் என்று இருந்ததே நான் ஒருத்திதான். 'பொண்ணுங்க' என்று பன்மையில் சொன்னது சும்மா ஒரு கெத்துக்கு.

என்னைப் பெண் கேட்டு வந்தவன் கோர்பினியன். மிட்டர்பர்க்கில் தன் சித்தப்பாவின் லாரியை ஓட்டுகிறவன். ஞாயிறு பூசை முடிந்ததும் தலையைத் தண்ணீர் தொட்டுப் படிய வாரிக்கொண்டு நேராக எங்கள் 'போஸ்ட்' விடுதிக்கு வந்தான். அடுப்போரத்து வாடிக்கை மேஜைக்கு முன்னால் நின்று, "ஐயா, ஆஃப்ராவ எனக்குக் குடுங்க" என்று ஒரே மூச்சில் கேட்டுவிட்டான். அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். அந்தச் சாமர்த்தியம் அவனுக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

வாடிக்கை மேஜையில் யார் வேண்டுமானாலும் உட்கார முடியாது. கால்நடை டாக்டர் பிர்னர், போலீஸ்காரர் ஸிக்ஸ்டஸ், ரொட்டிக்கடைக்காரர் என்று வருஷக்கணக்கில் நாற்காலியைத் தேய்த்தவர்களுக்குத்தான் அங்கே இடம். கையில் குவளையோடு அங்கே ஒரு வார்த்தை சொன்னால் அது பத்திரப் பதிவு மாதிரி. பெண்டாட்டியிடம் சொன்ன வார்த்தையைக்கூட மாற்றலாம், இதை மாற்ற முடியாது.

அப்பா சொன்னதற்கு அர்த்தம், இந்த ஜன்மத்தில் நடக்காது என்பதுதான். அவர் கணக்கில் மாவட்டத்துக்கு அழிவே கிடையாது. ராஜா காலத்தில், 1862-இல் வந்தது எங்கள் மாவட்ட அலுவலகம். ராஜா போனார். பேரரசர் போனார். மீசைக்காரன் வந்து, பெயர்ப்பலகையில் 'மாவட்டம்' என்று புதுப்பெயர் எழுதவைத்து, நாட்டைச் சுடுகாடாக்கிவிட்டுப் போனான். அமெரிக்கர்கள் ஜீப்பில் வந்து சூயிங்கம் கொடுத்துவிட்டுப் போனார்கள். யார் போனாலும் யார் வந்தாலும் எங்கள் விடுதிக்கு எதிரே அந்தக் கதவு காலையில் திறந்தது. மத்தியானம் அலுவலக ஆட்கள் எங்களிடம் சாப்பிட வந்தார்கள். வீடு கட்ட அனுமதிக்கும் நாய் வரிக்கும் வண்டிப் பதிவுக்கும் வந்த விவசாயிகள், காத்திருந்த கோபத்தை எங்கள் பீரில்தான் ஆற்றினார்கள். நான் சாப்பிட்டு வளர்ந்தது அந்த மாவட்டத்தின் சோறு என்றே சொல்லலாம்.

மிட்டர்பர்க் பக்கத்து மாவட்டம். அந்த ஊரின் மீது அப்பாவுக்குப் பொதுவாகவே ஒரு கடுப்பு. அது வெறுப்பாக முற்றியதற்குக் காரணம் மே மரம்.

எங்கள் பவேரியாவில் மே முதல் தேதி ஊர் நடுவில் ஒரு பெரிய மரத்தை, பட்டை உரித்து, நீலமும் வெள்ளையும் பூசி, நட்டு நிறுத்துவோம். நடுகிற வரைக்கும் அதை ஒளித்துவைத்துக் காவல் காக்க வேண்டும், ஏனென்றால் பக்கத்து ஊர்க்காரன் திருடிக்கொண்டு போவான். திருட்டுக்கும் சட்டம் உண்டு. ஊர் எல்லையில் நிற்கும் ஊர்ப்பலகையைத் தாண்டுவதற்குள் எங்கள் ஆள் ஒருவன் மரத்தில் கை வைத்து, "இது இங்கதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டால், திருடன் இறக்கிவைத்துவிட்டுப் போக வேண்டியதுதான். பலகையைத் தாண்டிவிட்டால் நாங்கள் பீரும் கறியும் கொடுத்து மீட்க வேண்டும். மீட்டதைத் திருடினவனே மேளதாளத்தோடு கொண்டுவந்து சேர்க்க வேண்டும். போலீசுக்குப் போவது மட்டும் கூடவே கூடாது. போனால் அந்த ஊர்க்காரன் தலைமுறைக்கும் தலை நிமிர முடியாது.

கோர்பினியன் பெண் கேட்டு வந்ததற்கு முந்தின வருஷம், பட்டப்பகலில், அப்பாவின் காவலில் இருந்த மரம் போய்விட்டது. அவர் கொஞ்சம் கண்ணயர்ந்தாராம். பேரம் பேச வந்த திருடர்களில் கோர்பினியனும் இருந்தான். நான்தான் பரிமாறினேன். மற்றவர்களெல்லாம் அப்பாவைக் கிண்டல் செய்து சிரிக்க, அவன் மட்டும், "ஐயா, நீங்க தூங்கினது எங்க அதிர்ஷ்டம். முழிச்சிருந்தா நாங்க வாசலத் தாண்டியிருக்க மாட்டோம்" என்றான். அப்பா அதையும் கிண்டல் என்று எடுத்துக்கொண்டார். நான் எடுத்துக்கொள்ளவில்லை. அவன் தட்டில் மட்டும் இரண்டு உருளைக்கிழங்கு உருண்டை அதிகமாக விழுந்தது.

ஓடிப் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கோர்பினியனும் கேட்டான்.

"லாரி இருக்கு. ஏறினா அரை மணி நேரம்."

"எங்கப்பா இல்லாத கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன்."

"அப்ப மாவட்டம் அழியுற வரைக்கும் காத்திருக்கணுமா?"

"காத்திரு. மனசு இருந்தா காத்திரு."

அந்தக் குளிர்காலத்தில் ரேடியோ அந்தச் செய்தியைச் சொன்னது. மாநிலத்தில் நூற்று நாற்பத்து மூன்று மாவட்டங்கள் இருப்பது அதிகமாம், பாதியாக்கப் போகிறார்களாம். காம்பெரிங்கை மிட்டர்பர்க்கோடு சேர்ப்பார்கள் என்றது. அப்பா கையில் இருந்த தட்டை அப்படியே கீழே போட்டார். நான் பீங்கான் துண்டுகளைப் பொறுக்கக் குனிந்தேன். குனிந்தது நல்லதாகப் போயிற்று, என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

அப்பா போராட்டக் குழுத் தலைவரானார். ஊர் முழுக்கக் கையெழுத்து வாங்கினார். பேண்டு வாத்தியத்தோடு மூன்று பஸ்ஸில் மியூனிக் போய் அரசாங்கத்தின் ஜன்னலுக்குக் கீழே ஊதிவிட்டு வந்தார்கள். 'காம்பெரிங் காம்பெரிங்காகவே இருக்கும்' என்ற பதாகையைத் தைத்தவள் நான்தான். ஒவ்வொரு எழுத்தையும் இரட்டைத் தையல் போட்டு அழகாகத் தைத்தேன். தைத்துக்கொண்டே, கடவுளே இந்தப் பதாகை பலிக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அப்பா வந்து பார்த்து, "என் பொண்ணு மாதிரி இந்த மாவட்டத்து மேல பாசம் வச்சவ யாரும் இல்ல" என்று கண் கலங்கினார். எனக்கும் அழுகை வந்தது. அவர் பக்கம் பார்த்தால் பாவமாக இருந்தது, என் பக்கம் பார்த்தால் சந்தோஷமாக இருந்தது. இரண்டையும் ஒரே வயிற்றில் வைத்துக்கொண்டு அந்த வசந்தம் முழுக்கத் திரிந்தேன்.

1972 ஜூலை முதல் தேதி மாவட்டம் செத்தது. எங்கள் ஊர்க்காரர்கள் அதற்கு முறைப்படி சவ ஊர்வலம் நடத்தினார்கள். தச்சர் ஒரு சவப்பெட்டி செய்தார். அலுவலகப் பெயர்ப்பலகையைக் கழற்றி அதில் கிடத்தினார்கள். பேண்டு சோக வாத்தியம் வாசித்தது. பாதிரியார் மட்டும், பலகைக்கெல்லாம் ஜெபம் சொல்ல முடியாது என்று வீட்டுக்குள் இருந்துகொண்டார். பிறகு சாவுச் சாப்பாட்டுக்கு வந்தார். அந்த ஒரு நாளில் எங்கள் விடுதியில் நடந்த வியாபாரம் அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடந்ததில்லை. அம்மா அடுக்களையில் வேர்த்து வழிந்தபடி, "தினமும் ஒரு மாவட்டம் செத்தா நல்லாயிருக்கும்" என்றாள்.

சாப்பாட்டின் நடுவே கோர்பினியன் வந்தான். ஞாயிற்றுக்கிழமை உடுப்பு, கையில் பூங்கொத்து. அப்பா நிமிர்ந்தே பார்க்காமல் கூடத்தின் நடுவில் கிடந்த சவப்பெட்டியைக் காட்டினார்.

"பூவ அங்க வை."

"இது ஆஃப்ராவுக்கு, ஐயா. மாவட்டம் போயிடுச்சு. நீங்க குடுத்த வார்த்தை..."

வாடிக்கை மேஜை முழுவதும் அப்பாவையே பார்த்தது. நான் ஏந்தியிருந்த தட்டில் சூப் கரையைத் தொட்டுத் தொட்டுத் திரும்பியது.

அப்பா மெதுவாக வாயைத் துடைத்துக்கொண்டார். "போயிடுச்சுன்னு யாருடா சொன்னது?"

"இதோ, பெட்டியில கிடக்கே."

"அது பலகைடா. பலகைய ரெண்டு தடவ மாத்தியிருக்கோம். மாவட்டம்னா கோப்பு. நூத்திப் பத்து வருஷத்துக் கோப்பு எதிர்க் கட்டடத்துல அப்படியே இருக்கு. அது அங்க இருக்குற வரைக்கும் காம்பெரிங் மாவட்டம் நிக்குது."

கோர்பினியன் வாடிக்கை மேஜையிடம் நியாயம் கேட்டான். அவர்கள் தலைகளை ஒன்றுசேர்த்து நெடுநேரம் பேசினார்கள். கடைசியில் டாக்டர் பிர்னர் எழுந்து தீர்ப்புச் சொன்னார்.

"மாடு செத்தாலும் தோலு தொழுவத்துல இருக்குற வரைக்கும் அது அந்த வீட்டு மாடுதான். குவிரின் சொல்றது செல்லும். ஆனா குவிரின், கோப்பு ஊர்ப்பலகையைத் தாண்டிடுச்சுன்னா நீ மறு பேச்சுப் பேசக் கூடாது."

"பேசமாட்டேன்" என்றார் அப்பா. அவர் கண்ணில் ஒரு பளபளப்பு. எனக்கு அது பிடிக்கவில்லை.

செப்டம்பரில் கோப்புகளை எடுக்க மிட்டர்பர்க்கிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். யென்ஷ் என்று பெயர், வடக்கே கடலோரத்து ஆள், பவேரியாவுக்குப் புதுசு. கூடவே லாரி. டிரைவர் இருக்கையில் கோர்பினியன். அந்தப் பக்கத்தில் லாரி வைத்திருந்தவர் அவன் சித்தப்பா ஒருத்தர்தான், அதனால் வேலை அவர்களுக்கே போயிருந்தது. மூட்டை தூக்க வந்த நாலு பேரும் மிட்டர்பர்க் மே மரச் சங்கத்துப் பையன்கள். அதே திருட்டுக் கும்பல்.

காலை முழுக்க ஏற்றினார்கள். வண்டி கிளம்பியது. நான் மாடி ஜன்னலில் நின்று மனசுக்குள் அதைத் தள்ளினேன். ஊர்ப்பலகைக்கு ஒரு கூப்பிடு தூரம் இருக்கும்போது எங்கிருந்தோ அப்பா வந்தார். கழுத்தில் துணி, கையில் அகப்பை, அந்தப் பெரிய தொப்பையோடு ஓடி, சரக்குத் தட்டில் பளாரென்று கை வைத்தார்.

"இது இங்கதான் இருக்கும்!"

கோர்பினியன் பிரேக் போட்டான்.

யென்ஷ் எட்டிப் பார்த்தார். "என்ன நடக்கிறது? ஏன் நிறுத்தினீர்கள்?"

"கை வச்சுட்டாரு, சார்."

"வைத்தால் என்ன?"

"இறக்கணும்."

"இவை அரசு ஆவணங்கள். என்னிடம் உத்தரவு இருக்கிறது."

"இருக்கட்டும், சார். அவருகிட்ட கை இருக்கு."

மூட்டை தூக்கும் நாலு பேரும் ஏற்கெனவே கதவைத் திறந்து இறக்க ஆரம்பித்துவிட்டார்கள். யென்ஷ் போலீஸ்காரர் ஸிக்ஸ்டஸைக் கூப்பிட்டார். ஸிக்ஸ்டஸ் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"மரத் திருட்டுல போலீசு தலையிடக் கூடாதுங்க."

"இங்கே மரமே இல்லையே!"

"காகிதம் எதுலேர்ந்து வருது?" என்று கேட்டுவிட்டு ஸிக்ஸ்டஸ் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

நான் மாடியில் தலையணையைக் கடித்துக்கொண்டு கத்தினேன். பிறகு கீழே போய்க் கோர்பினியனைப் புறக்கடைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"உனக்கு மூளை இருக்கா? ஆக்ஸிலேட்டர மிதிச்சிருந்தா முடிஞ்சிருக்கும்!"

"கை வச்சதுக்கப்புறம் எப்படி மிதிக்கறது? அப்படி மிதிச்சா உங்கப்பா முகத்துல நான் எப்படி முழிப்பேன்? நீயே என்னை மதிப்பியா?"

மதித்திருக்க மாட்டேன். அதனால்தான் இன்னும் கோபம் வந்தது.

அப்பாவுக்கு ஒரு வியாதி உண்டு. ஊருக்கு வந்தவன் பசியோடு திரும்பினால் அவருக்குத் தூக்கம் வராது. தோற்றுப்போன திருடர்களுக்குச் சட்டப்படி எதுவும் கிடையாது. ஆனாலும் அப்பா முனகிக்கொண்டே அவர்களுக்குப் பன்றி வறுவலும் முட்டைக்கோசும் வைத்தார். யென்ஷ் முதலில் மறுத்தார். அப்புறம் ஒரு உருண்டை மட்டும் என்றார். அப்புறம் எண்ணுவதை நிறுத்திவிட்டார்.

அடுத்த வாரம் மறுபடி வந்தார்கள். அந்தத் தடவை கை வைத்தது ரொட்டிக்கடைக்காரர், மாவுக் கையோடு. அதற்கடுத்து சர்ச் பாடகர் குழுவே கைகோத்து வந்து வண்டியைத் தொட்டது. கோப்புகள் ஏறின, இறங்கின, ஏறின, இறங்கின. ஒவ்வொரு தடவையும் முடிவில் அந்தக் கும்பல் எங்கள் கூடத்தில் சாப்பிட உட்கார்ந்தது. யென்ஷ் கிளம்பும்போதே அன்றைக்கு என்ன சமையல் என்று கேட்டு வைத்துக்கொள்ள ஆரம்பித்தார்.

அப்பாவும் கோர்பினியனும் வேறு வழியில்லாமல் பேசிக்கொண்டார்கள். ஒரு நாள் பீர்ப் பீப்பாயின் குழாய் ஒழுகியது. அப்பா திட்டிக்கொண்டிருக்கும்போதே கோர்பினியன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு சரிசெய்துவிட்டான். இன்னொரு நாள் குடித்துவிட்டுக் கலாட்டா செய்த ஒருவனை, கை ஓங்காமல், சிரிக்கவைத்தே வாசல் வரை கொண்டுபோய் விட்டுவந்தான். அப்பா கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"பய கெட்டவன் இல்ல" என்றார் அம்மாவிடம்.

"அதத்தாங்க ஒன்றரை வருஷமா அவளும் சொல்றா."

"ஊருதான் சரியில்ல."

ஆனால் கூடம் நாளுக்கு நாள் காலியாகிக்கொண்டிருந்தது. அலுவலக ஆட்கள் ஜூலையிலேயே மிட்டர்பர்க்குக்கு மாற்றலாகிவிட்டார்கள். மத்தியானத்தில் பரிமாற ஆளில்லாமல் நான் வெறும் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கோப்பு இங்கே, அதிகாரி அங்கே என்று கிடந்ததால் ஒருவருக்கும் ஒரு காரியமும் நடக்கவில்லை. ஒரு மாலை டாக்டர் பிர்னர் குவளையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்.

"குவிரின், ஷெய்பர் வீட்டுல மழைக்கு முன்னாடி தொழுவம் கட்டணும். அனுமதி இல்ல. மாடு பன்னெண்டும் நனையப் போகுது. செத்த மாட்டோட தோலக் காப்பாத்துறோம்னு உசுரோட இருக்குறதக் கொல்றோமோ?"

அன்றைக்கு மேஜையை விட்டு முதலில் எழுந்தவர் அப்பாதான். எதிர்க் கட்டடத்தின் இருட்டு ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் என்னைத் தடுப்பதற்காக மட்டும் கோப்பைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. கோப்பும் போய், நானும் போனால், அந்த வாசலில் நின்று அவர் எதைப் பார்ப்பார்? ஆனால் தன் வாயால் விட்டுக்கொடுக்கவும் அவரால் முடியாது. யாராவது ஒரு வழி செய்துதான் ஆக வேண்டும்.

அடுத்த முறை லாரி வந்தபோது, சரக்கு ஏற்றி முடிந்ததும், நான் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். அம்மா அடுக்களையிலிருந்து பார்த்தாள்.

"எங்கடி கிளம்பிட்ட?"

"கோப்போட போறேன்."

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு ஒரு கூடையில் ரொட்டியும் தொத்திறைச்சியும் போட்டு என் கையில் கொடுத்தாள். "இந்த நீலச் சட்டையோடயா? போய் நல்லதா ஒண்ணப் போட்டுட்டுப் போ."

நான் லாரியின் முன்பக்கம் ஏறினேன். யென்ஷ் நகர்ந்து இடம் கொடுத்தார்.

"நீங்களும் ஆவணமா?" என்று கேட்டார். அந்த மனிதர் எங்கள் ஊரில் சொன்ன முதல் ஜோக் அது.

"மெதுவா ஓட்டு" என்றேன் கோர்பினியனிடம். "எங்கப்பாவுக்கு மூச்சு வாங்கும்."

"அவரு கை வச்சா?"

"வச்சா எல்லாத்தையும் இறக்கணும். என்னையும் சேத்து. அப்புறம் நான் ஏறமாட்டேன்."

அவன் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் மெதுவாகத்தான் ஓட்டினான், நடக்கிற வேகத்தில். அதற்காகவே அவனை நான் கட்டிக்கொள்ளலாம் என்று அந்த நிமிஷத்தில் நினைத்தேன்.

அப்பா இந்தத் தடவை எங்கும் ஒளிந்திருக்கவில்லை. ஊர்ப்பலகையின் கீழேயே நின்றிருந்தார். வாடிக்கை மேஜை முழுவதும் அவர் பின்னால் நின்றிருந்தது. லாரி ஊர்ந்து அவர் பக்கத்தில் வந்தது. அவர் கையைத் தூக்கினார். அப்போதுதான் ஜன்னலில் என்னைப் பார்த்தார்.

நான் மடியில் கூடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தேன்.

கை மேலேயே நின்றது. லாரியின் கதவு அவரைக் கடந்தது, சரக்குத் தட்டு கடந்தது, பின் சக்கரமும் கடந்தது. ஒரு எட்டு வைத்தால் போதும், தொட்டுவிடலாம். "குவிரின், வையி! வையி!" என்று ரொட்டிக்கடைக்காரர் கத்தினார். கோர்பினியன் அப்போதும் வேகத்தைக் கூட்டவில்லை.

கண்ணாடியில் பார்த்தேன். தூக்கிய கையை அப்பா இறக்கவே இல்லை. அதே கையால் டாட்டா காட்டினார்.

நான் அழுது, சிரித்து, யென்ஷின் கைக்குட்டையில் மூக்கைச் சிந்தினேன். சலவை செய்து மடித்த கைக்குட்டை, பாவம்.

மிட்டர்பர்க்கில் சித்தப்பாவின் லாரிக் கொட்டகை வாசலில் என்னை ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, திருடிய மரத்துக்குச் செய்வதுபோல் சுற்றிலும் பையன்கள் காவல் நின்றார்கள். வெயில் சாய்வதற்குள் தூரத்தில் மேளச் சத்தம் கேட்டது. எங்கள் ஊர் பேண்டு. முன்னால் குதிரை வண்டியில் பீர்ப் பீப்பாய்கள், அதன் மேல் அப்பா, ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியோடு. ஒன்றரை வருஷமாக இந்த ஊர் மண்ணை மிதிக்க மாட்டேன் என்றிருந்தவர் வண்டியிலிருந்து குதித்து நேராகக் கோர்பினியன் முன்னால் வந்து நின்றார்.

"கோப்பு உங்களுக்கே. வச்சுக்குங்க, தொழுவத்துக்கு அனுமதி குடுங்க. இவளுக்கு என்னடா விலை?"

கோர்பினியன் எச்சில் விழுங்கினான். "பீர் வேணாம், ஐயா."

மிட்டர்பர்க் பையன்கள் அலறிவிட்டார்கள். "டேய் பாவி, வேணும்னு சொல்லுடா!"

"சரி, பீர் வேணும். கறியும் வேணும். எங்க ஊரு மொத்தத்துக்கும் வேணும். ஆனா கல்யாணச் சாப்பாடா வேணும். உங்க போஸ்ட்ல."

அப்பா என்னைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி, உள்ளே எதையோ தேடுவதுபோல் பார்த்துவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"பேரமே பேசத் தெரியாத பய. சரி. ஆனா மீட்டத நீதான் கொண்டுவந்து சேக்கணும். மேளத்தோட."

அக்டோபரில், ஷெய்பரின் புதுத் தொழுவத்துக்கு ஓடு போட்ட வாரத்தில், கல்யாணம் நடந்தது. மிட்டர்பர்க் முழுவதும் எங்கள் ஊருக்குச் சாப்பிட வந்தது. மாவட்ட அலுவலகத்துப் பழைய ஆட்களும் வந்தார்கள், கோடைகாலம் முழுக்க மிட்டர்பர்க் கேன்டீனில் சாப்பிட்டு இளைத்துப் போயிருந்தார்கள். யென்ஷ் தோல் கால்சட்டை போட்டு வந்து என் அத்தைகளோடெல்லாம் ஆடினார். ஊரை விட்டே காணாமல் போயிருந்த ஒரு கூட்டம் எங்கள் கூடத்தில் அன்றைக்கு நிறைந்திருந்தது.

சாயங்காலம் பூமாலை கட்டிய லாரியில் நாங்கள் ஏறினோம், மிட்டர்பர்க்குக்கு வாழப் போக. வழக்கம் அதுதானே. சித்தப்பா எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டி ஹாரன் அடித்தார். அம்மா வாசலில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பாவைக் காணவில்லை. எனக்கு மனசு கனத்தது. கோர்பினியன் என்னை ஒரு தடவை பார்த்தான், பிறகு வண்டியை எடுத்தான். மெதுவாக ஓட்டினான், ரொம்ப மெதுவாக.

ஊர்ப்பலகைக்கு ஒரு கூப்பிடு தூரம் இருக்கும்போது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. கழுத்தில் துணி, கையில் அகப்பை, மூச்சு இரைக்க இரைக்க அப்பா ஓடி வந்தார். திறந்திருந்த ஜன்னல் வழியாகக் கையை விட்டு, கோர்பினியனின் தோளில் வைத்தார்.

"இவன்... இங்கதான்... இருப்பான்!"

"யோவ் குவிரின்! அவன் என் டிரைவர்!" என்று சித்தப்பா கத்தினார்.

"கை வச்சாச்சு!" என்று பின்னால் வந்த மே மரச் சங்கத்துப் பையன்கள் ஒரே குரலில் சொன்னார்கள். மிட்டர்பர்க் பையன்கள்தான்.

கோர்பினியன் என் பக்கம் திரும்பினான். நான் தலையாட்டுவதற்குள்ளேயே அவன் எஞ்சினை அணைத்திருந்தான்.

"மாமா" என்றான், முதல் முறையாக. "கைய எடுங்க, இறங்கிக்கறேன்."

அப்பா கையை எடுக்கவில்லை. அவன் இறங்கி, விடுதி வரைக்கும் நடந்துபோன வழி முழுக்க, அந்தக் கை அவன் தோளிலேயே இருந்தது.